வேகம் வேண்டாம், இடம் வேண்டும்!

"அப்பா, கேம் போட இடம் இல்லை. ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கித் தாங்க!"

கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் இப்போது கேட்கும் குரல் இது. அது என்ன என்று தெரியாமல் கடைக்குப் போனால், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்!

எஸ்.எஸ்.டி. என்பது கம்ப்யூட்டரின் பத்தாயம். எல்லாவற்றையும் அதில்தான் சேர்த்து வைக்கிறோம். பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழலும்; ஒரு முனை அங்கும் இங்கும் ஓடித் தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் கிடையாது. எல்லாம் சிப். அதனால் தேடும் நேரம் மிச்சம்.

பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2023-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'பால்டர்ஸ் கேட் 3' என்ற விளையாட்டுக்கு 150 ஜி.பி. இடம் வேண்டும். எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று தயாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

எதை வாங்குவது?

'சாட்டா' என்ற ரகம் வினாடிக்குச் சுமார் 550 எம்.பி. படிக்கும். 'என்.வி.எம்.இ.' ரகத்தில் 3,500 உண்டு, 7,000-மும் உண்டு. எண் ஏற ஏற விலையும் ஏறும். கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் காட்டுவார். அது அவர் தொழில்!

ஆனால் 7,000 வாங்கினால் விளையாட்டு பன்னிரண்டு மடங்கு சீக்கிரம் தொடங்குமா? தொடங்காது. படித்ததைப் பிரித்து அடுக்கும் வேலை பிராசசருடையது. அந்த நேரம் குறையாது. பெரும்பாலான விளையாட்டுகளில் சில வினாடிதான் வித்தியாசம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறினால்தான் பெரிய மாற்றம் தெரியும். ஆகவே வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை இடத்துக்குக் கொடுங்கள். 500 ஜி.பி.யில் இப்படிப்பட்ட மூன்று விளையாட்டு வைத்தாலே நிரம்பிவிடும். 1 டி.பி. வாங்குவதே புத்தி.

மலிவில் குறை இல்லையா?

உண்டு. 2020-ல் வந்த சாம்சங் 870 கியூ.வி.ஓ. 1 டி.பி.யைப் பாருங்கள். தொடர்ந்து 42 ஜி.பி. எழுதியதும் அதன் வேகம் 80 எம்.பி.க்கு இறங்கிவிடும். ஆனால் வீட்டு இன்டர்நெட் 100 எம்.பி.பி.எஸ். என்றால் வினாடிக்கு 12 எம்.பி.தானே வருகிறது! டவுன்லோடு செய்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றும் பயமுறுத்துவார்கள். அதற்கு 3 வருஷ உத்தரவாதம். எழுதும் அளவு 360 டி.பி. வரை. மூன்று வருஷமும் தினசரி ஒரு 150 ஜி.பி. விளையாட்டை ஏற்றினாலும் அதில் பாதி ஆகாது.

பயப்பட வேண்டியது போலிக்குத்தான். பெயர் தெரியாத கம்பெனி, '16 டி.பி.' என்று அச்சு, அடிமாட்டு விலை! உள்ளே இருப்பது சின்ன சிப். கம்ப்யூட்டரிடம் பொய்க் கணக்குச் சொல்லும். சிப் நிரம்பியபின் போட்டதெல்லாம் போச்சு!

பணம் கட்டுமுன் மதர்போர்டு புத்தகத்தைப் பாருங்கள். 'எம்.2' அளவில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. பார்க்க ஒரே மாதிரிதான். எல்லா இடத்திலும் இரண்டும் வேலை செய்யாது.

இன்னொன்று: விளையாட்டு அழிந்தால் மறுபடி டவுன்லோடு செய்யலாம். அக்காள் கல்யாணப் போட்டோவை அப்படிச் செய்ய முடியாது. அதற்கு வேறு இடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.