புள்ளி இல்லாத படங்கள்

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துக்காரர் விக்டர் புசோ. பிழைப்பு பூட்டும் சாவியும், பித்து வானம். 2016 செப்டம்பர் 20 இரவு, தன் 40 செ.மீ. தொலைநோக்கியில் பொருத்திய புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க, என்ஜிசி 613 என்ற விண்மீன் மண்டலத்தை நோக்கித் திருப்பினார். தொலைவு சுமார் 8 கோடி ஒளியாண்டு. நீண்ட நேரம் பதிவு செய்தால் நகர வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடும். அதனால் இருபது இருபது விநாடியாக எடுத்துக்கொண்டே போனார். முதலில் எடுத்தவற்றில் புதிதாக எதுவும் இல்லை. சற்று இடைவெளி விட்டு எடுத்தவற்றில், மண்டலத்தின் ஓரமாக ஒரு புள்ளி. அடுத்தடுத்த படங்களில் அதன் ஒளி ஏறிக்கொண்டே போனது.

பெரிய விண்மீன் ஒன்று சூப்பர்நோவாவாக வெடிக்கையில், உள்ளிருந்து கிளம்பும் அதிர்ச்சியலை மேற்பரப்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும் நேரம் அது. அதைப் படத்தில் பிடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். லா பிளாட்டாவின் வானியலாளர் மெலினா பெர்ஸ்டன் தலைமையில் 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையில் புசோவும் ஓர் ஆசிரியர்.

லாட்டரி விழுந்த மாதிரி என்று சொன்னவர்கள் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்தப் பக்கம் கேமரா திரும்பியது அதிர்ஷ்டம்தான். ஆனால் எதுவும் தெரியாத முதல் படங்களை அவர் அழிக்காமல் வைத்திருந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவை இல்லையென்றால் ‘வெடிப்பு இந்த நேரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது’ என்று அடித்துச் சொல்ல வழியில்லை. எத்தனையோ சூப்பர்நோவாக்களில் ஒன்றாக அதுவும் பட்டியலில் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

புதுப் புள்ளி தெரிந்தவுடன் அது சூப்பர்நோவா ஆகிவிடாது. கேமராவின் கோளாறான பிக்சலாக இருக்கலாம். காஸ்மிக் கதிர் பட்ட தடமாக இருக்கலாம். வழியே போகும் சிறுகோள் என்றால் அடுத்த படத்தில் நகர்ந்திருக்கும். நம் பால்வீதியிலேயே இருக்கும் மாறொளி விண்மீன் குறுக்கே நின்று ஏமாற்றுவதும் உண்டு. எனவே பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும், முடிந்தால் வேறொருவர் வேறோர் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு உலகப் பதிவேட்டில் அதற்குக் கிடைப்பது ‘ஏடி’ என்று தொடங்கும் தற்காலிகப் பெயர். நிறமாலை எடுத்து வகைப்படுத்திய பின்னரே அது ‘எஸ்என்’ ஆகிறது. ஹைட்ரஜன் கோடுகள் தெரிந்தால் இரண்டாம் வகை. ஹைட்ரஜன் இல்லாமல் சிலிக்கானின் தடம் அழுத்தமாகத் தெரிந்தால் ஒன்று-ஏ. கோடுகள் அகன்றிருக்கும் அளவைப் பார்த்து, வெடித்த பொருள் விநாடிக்கு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சிதறுகிறது என்று கணக்கிடுவார்கள்.

2023 மே 19இல் ஜப்பானின் கோயிச்சி இட்டகாகி, எம்101 மண்டலத்தில் ஒரு புள்ளியைக் கண்டு அறிவித்தார். அவரும் தொழில்முறை வானியலாளர் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டவர். சில மணி நேரத்திலேயே லா பால்மா தீவின் லிவர்பூல் தொலைநோக்கி நிறமாலை எடுத்து, இரண்டாம் வகை என்று உறுதி செய்தது. இரண்டு கோடி ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தொலைவுதான். வானியலில் அது பக்கத்துத் தெரு. லடாக்கின் ஹான்லேயில் உள்ள, வானியற்பியலாளர் சந்திரசேகர் பெயர் தாங்கிய நம் இரண்டு மீட்டர் தொலைநோக்கியும் அதைத் தொடர்ந்து கவனித்தது.

இங்கேயும் கைகொடுத்தவை வெறும் படங்கள்தாம். எம்101 அழகான மண்டலம் என்பதால் ஆர்வலர்கள் பலர் அதை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். செய்தி பரவியதும் அவரவர் கோப்புகளைத் தோண்டினார்கள். ‘என் படத்தில் இந்த நேரத்தில் ஒன்றும் இல்லை’, ‘என்னுடையதில் மங்கலாக ஏதோ தெரிகிறது’. இப்படிச் சேர்ந்த சாட்சியங்கள்தாம் வெடித்த நேரத்தை நெருக்கிப் பிடிக்க உதவின.

உள்ளதை உள்ளபடி பதிவு செய்து வைக்கும் இந்தப் பழக்கம் நம் பள்ளி ஆய்வகத்தில் எப்படி இருக்கிறது? தனி ஊசலால் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனை. விடை 9.8 என்பது ஊசலைத் தொங்கவிடும் முன்பே எல்லோருக்கும் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அலைவு நேரத்தை எழுதும் வித்தையைப் போன வருடத்து ரெக்கார்டு நோட்டே கற்றுக்கொடுத்துவிடும். ரீடிங் சரியாக வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதிய பையனுக்கு மதிப்பெண் குறையும். அழகாகப் பொய் எழுதியவனுக்கு முழு மதிப்பெண். பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் வைத்த தேர்வு அப்படி.

உள்ளதை உள்ளபடி சொல்லாத இந்தப் பழக்கத்தில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. ‘பள்ளி மாணவி சிறுகோள் கண்டுபிடித்தார்’ என்று படத்தோடு செய்தி வருகிறது. பெரும்பாலும் அது முதற்கட்டத் தடயம் மட்டுமே. சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பிள்ளை செய்தது நல்ல வேலைதான். அதை உள்ளபடி ‘தடயம்’ என்று எழுதினால் யாருக்கும் மரியாதை குறையாது.

சிலியில் வேரா ரூபின் ஆய்வகம் 2025இல் தன் முதல் படங்களை வெளியிட்டது. வானில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றி இரவொன்றுக்கு ஒரு கோடி அறிவிப்புகள் வரை அனுப்பும் திட்டம் அதற்கு. புள்ளியைக் கண்டுபிடிக்க இனி ஆள் தேவைப்படாது. அது என்னவென்று உறுதி செய்யத்தான் தொலைநோக்கி நேரமும் பொறுமையான ஆட்களும் போதாது. அந்த ஆட்கள் நம் பிள்ளைகளிலிருந்தும் போக வேண்டுமானால், மாற்றத்தைப் பதினோராம் வகுப்பு ஆய்வகத்திலேயே தொடங்கலாம். செலவே இல்லை. செய்முறைத் தேர்வில் விடைக்கென்று ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்து, திருத்தாமல் எழுதிய ரீடிங்குக்கும், அது ஏன் 9.8 ஆகவில்லை என்று மாணவர் தன் கையால் எழுதும் நாலு வரிக்கும் கொடுக்கட்டும்.