தெரியாவிட்டால் 'சி' போடு என்பவர்களுக்கு

குரூப் 4 எழுதும் பிள்ளைகள் நம் சொந்தத்திலும் இருக்கிறீர்கள், என் பழைய வகுப்புகளிலும் இருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு 'டிப்ஸ்' சுற்றுகிறது. விடை தெரியாவிட்டால் 'சி'யை நிரப்பு, நீளமான விடைதான் சரி என்றெல்லாம். தயவுசெய்து நம்பாதீர்கள். தமிழில் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கிலும் பொது அறிவிலும் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வீண்தான். இதைப் போய் குருட்டாம்போக்கில் விடலாமா?

கேள்வி எடுப்பவர் தவறான விடைகளை வானத்திலிருந்து எடுப்பதில்லை. சரியான விடையின் பக்கத்து வீட்டிலிருந்து எடுப்பார். பட்டினப்பாலையின் பாட்டுடைத் தலைவன் யார் என்று கேட்டு, கரிகாலன், இளந்திரையன், நல்லியக்கோடன், நெடுஞ்செழியன் என்று நான்கு பேரைக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவசரத்தில் படித்தவன் இளந்திரையனில் விழுவான். ஏன்? பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் இளந்திரையன்மீது பெரும்பாணாற்றுப்படையும் பாடினார். பெரும்பாண் என்றதும் சிறுபாண் நினைவுக்கு வரும், அதன் தலைவன் நல்லியக்கோடன். நெடுஞ்செழியன் மதுரைக்காஞ்சிக்காரன். பாருங்கள், ஒரே கேள்விக்குள் நான்கு நூல் இருக்கிறது. விடையைக் குறித்ததோடு நிற்காமல், மற்ற மூவரும் ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பழகுங்கள். பழைய வினாத்தாள் ஒன்றை இப்படிப் போட்டால் பத்துத் தாள் போட்ட பலன் கிடைக்கும்.

திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதியும் அப்படித்தான். மூன்றும் மருந்தின் பெயர் கொண்டவை. மருந்துப் பொருள் முறையே மூன்று, ஐந்து, ஆறு. ஆசிரியர்கள் நல்லாதனார், காரியாசான், கணிமேதாவியார். தனித்தனியாகப் படித்தால் பரீட்சை அறையில் குழம்பும். ஒன்றாக உட்கார வைத்துப் படித்தால் குழம்பாது.

கூற்று, காரணம் வகையில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே மதிப்பெண்ணை விடுகிறார்கள். "மணிமேகலையை இயற்றியவர் சீத்தலைச் சாத்தனார்" என்பது கூற்று. "மணிமேகலை பௌத்தக் காப்பியம்" என்பது காரணம். இரண்டும் சரி. உடனே 'இரண்டும் சரி, சரியான விளக்கம்' என்று நிரப்பிவிடுகிறார்கள். நடுவில் 'ஏனென்றால்' போட்டு மனத்துக்குள் வாசித்துப் பாருங்கள். பௌத்தக் காப்பியம் என்பதாலா சாத்தனார் இயற்றினார்? ஒட்டவில்லை அல்லவா! அதேபோல் 'பொருந்தாதது எது', 'தவறானது எது' என்பவற்றில் அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தெரிந்த விடையை மாற்றிப் போடுவதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

'இ' என்ற ஐந்தாவது கட்டம் 'விடை தெரியவில்லை' என்பதற்கு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே இரண்டு விடைகளை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து போடலாம். எதையும் நிரப்பாமல் மட்டும் விடாதீர்கள், அதற்குத் தண்டனை உண்டு.

இலக்கியத்தை வட்டம் நிரப்பிச் சோதிப்பதா என்று நம் தமிழாசிரிய நண்பர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரு நூலுக்கு எத்தனை அடி என்று கேட்பதில் எந்த ரசனையும் இல்லை. ஆனால் மேலே சொன்ன பட்டினப்பாலைக் கேள்வி நியாயமான கேள்வி, படித்தவனுக்குத்தான் வரும். தவிர, வி.ஏ.ஓ. வேலைக்காக மூன்று வருடமாக நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய் ரசனையைப் பற்றிப் பேசுவது நமக்குச் சுலபம். அவள் வீட்டு அடுப்பு வேறு கணக்குப் போடுகிறது.

கைடு வாங்கும் காசில் பழைய பள்ளிப் பாடப்புத்தகங்களைத் தேடி வாங்குங்கள். கேள்வி பத்தாம் வகுப்புத் தரம்தான். பாடத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் 'நூல்வெளி'யை விடாதீர்கள். எந்தக் கேள்வியில் சிக்கினாலும் கமெண்டில் போடுங்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.