டிராக்டருக்கு வயதாகலாம், பாதுகாப்புக்கு வயது வரம்பு உண்டா?

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் திரிங்காப்பைக் கடந்தவர்கள் அந்தப் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பார்கள். மற்ற ஊர்களில் காட்சிப் பொருளாக நிறுத்தி வைக்கப்படும் வண்டிகள் இங்கே முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு மேடு ஏறுகின்றன. கேமரன் மலையில் வண்டிகள் வயதானதால் ஓய்வு பெறுவதில்லை. பழுது பார்த்து, உதிரிப் பாகம் மாற்றி, மறுபடி ஓட்டுகிறார்கள்.

தோட்டத்து டிராக்டருக்கும் இது பொருந்தும். மலைத் தோட்டமானாலும் கீழே உள்ள செம்பனைத் தோட்டமானாலும், இயந்திரம் ஓடும் வரை அதற்கு வேலை இருக்கும். சிக்கனம் என்ற வகையில் இதில் தவறில்லை. ஆனால், பல பழைய டிராக்டர்களில் ஒரு முக்கியமான பொருள் இல்லை. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம்தான் அது. ஆங்கிலச் சுருக்கத்தில் இதை 'ரோப்ஸ்' என்பார்கள். புதிய டிராக்டர்களில் இருக்கைக்குப் பின்னால் வளைவு போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சட்டகத்தைப் பழைய டிராக்டரிலும் பொருத்தலாம். அப்படியிருந்தும் ஏன் பொருத்தப்படுவதில்லை? செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்விகளுக்கு இயற்பியலும் சட்டமும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றரை விநாடி

முதலில் பக்கவாட்டில் கவிழ்வதைப் பார்ப்போம். ஒரு டிராக்டரின் இரு பின்சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் தூரம், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலமான 0.7-ஐ உயரமான 0.8-ஆல் வகுத்தால் 0.875 வரும். அந்த டான்ஜென்ட் மதிப்புக்கு உரிய கோணம் ஏறக்குறைய 41 பாகை. அதாவது, அசையாமல் நிற்கும் டிராக்டர் 41 பாகைச் சரிவைத் தாண்டும்போது கவிழும்.

கேட்பதற்குத் தாராளமாகத் தெரிகிறது. ஆனால், ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. மேல்பக்கச் சக்கரம் கல்லில் ஏறி, கீழ்பக்கச் சக்கரம் கானில் இறங்கினால் கோணம் நொடியில் கூடிவிடும். வளைவில் வேகம் இரு மடங்கானால் பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும். பின்னால் சுமையேற்றிய டிரெய்லர் தள்ளினால் நிலைமை மேலும் மோசமாகும்.

பின்புறமாகக் கவிழ்வது இன்னும் ஆபத்தானது. பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்து சுழல மறுக்கும்போதும், சுமையை இழுக்கும் சங்கிலியை அதற்குரிய தாழ்வான கொக்கியில் மாட்டாமல் உயரமான இடத்தில் மாட்டும்போதும் இது நிகழும். இயந்திரத்தின் விசை சக்கரத்தைச் சுழற்ற முடியாமல் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்சக்கரங்கள் மேலெழுந்து வண்டி தலைகீழாக விழ ஏறக்குறைய ஒன்றரை விநாடிதான் ஆகும். அதில் பாதி நேரத்திலேயே, கிளட்சை மிதித்தாலும் பயனில்லாத கட்டம் வந்துவிடும்.

ஆகவே, "முப்பது வருஷமா ஓட்டுறேன், எனக்கு என்ன ஆகப் போகுது?" என்ற பேச்சுக்கு இயற்பியலில் இடமில்லை. அனுபவம் விபத்தைக் குறைக்கும். அந்த ஒன்றரை விநாடியை அதனால் நீட்ட முடியாது.

சட்டகம் என்ன செய்கிறது?

வண்டி கவிழ்வதைச் சட்டகம் தடுப்பதில்லை. கவிழும்போது தான் வளைந்து மோதலின் ஆற்றலை உள்வாங்கிக்கொண்டு, இருக்கையைச் சுற்றி ஓர் உயிர் பிழைக்கும் இடத்தைக் காக்கிறது. டிராக்டர்களுக்கான ஓஇசிடி சோதனை விதியின் 4ஆம் பிரிவின்படி, 2,000 கிலோ டிராக்டரின் சட்டகம் பக்கவாட்டில் 3,500 ஜூல் ஆற்றலை உள்வாங்க வேண்டும். மேலிருந்து 40,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். இது அந்த டிராக்டரின் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இத்தனைக்குப் பிறகும் ஓட்டுநருக்கான இடத்துக்குள் எந்தப் பாகமும் நுழையக் கூடாது.

இருக்கை வார் அணிந்தால்தான் சட்டகம் முழுப் பயன் தரும். இரண்டும் சேர்ந்தால் கவிழ்வு மரணங்களை ஏறக்குறைய 99 விழுக்காடு தடுக்கலாம் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கூறுகின்றனர். சட்டகம் இல்லாத டிராக்டரில் வார் அணிவது நேர்மாறான விளைவைத் தரும்; குதித்துத் தப்பும் வாய்ப்பும் போய்விடும்.

மற்ற நாடுகளின் பாடம்

சுவீடன் 1959இல் புதிய டிராக்டர்களில் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பிறகு படிப்படியாகப் பழையவற்றுக்கும் அதை விரிவாக்கியது. ஒரு லட்சம் டிராக்டருக்கு ஆண்டுக்குப் பத்துக்கும் மேல் இருந்த கவிழ்வு மரணங்கள் 1990 வாக்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கின.

பிரிட்டன் 1967இல் விதி இயற்றியது. 1970 செப்டம்பர் முதல் புதிய டிராக்டர்களில் பாதுகாப்புக் கூண்டு இருக்க வேண்டும் என்றது. 1977 செப்டம்பர் முதல் தொழிலாளர்கள் ஓட்டும் எல்லா டிராக்டர்களிலும், பழையவை உட்பட, அது இருக்க வேண்டும் என்றது. முதலாளிகளுக்கு ஏழு ஆண்டு அவகாசம் கொடுத்தது, விலக்குக் கொடுக்கவில்லை.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1976 அக்டோபருக்குப் பிறகு தயாரான, தொழிலாளர்கள் ஓட்டும் டிராக்டர்களுக்கு மட்டுமே விதி வந்தது. சிறு பண்ணைகளில் அதை அமலாக்கவுமில்லை. பழைய டிராக்டர்கள் அப்படியே ஓடின, மரணங்களும் தொடர்ந்தன. கடைசியில் 2006இல் நியூயார்க் மாநிலம், சட்டகம் பொருத்தும் செலவில் 70 விழுக்காடு வரை திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அதற்கு முன்பே, 1990களின் இறுதியில், மானியத்தையும் கண்டிப்பான அமலாக்கத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. 10,000க்கும் மேற்பட்ட பழைய டிராக்டர்களில் சட்டகம் ஏறியது.

புதிய வண்டிக்கு மட்டும் விதி போட்டுவிட்டு, பழையது தானாக மறையும் என்று காத்திருந்தால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதே இதில் உள்ள பாடம். அதுவரை ஆபத்தான இருக்கையில் உட்காருபவர் பெரும்பாலும் கூலிக்கு ஓட்டும் தொழிலாளிதான்.

நம் சட்டத்தின் நான்கு அளவுகோல்கள்

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத் துறைக்கும் பொருந்தும். பாதுகாப்பான இயந்திரத்தை, 'நடைமுறையில் இயன்ற அளவு', முதலாளி வழங்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இக்கடமையை மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. இடர் மதிப்பீடு செய்வதும் முதலாளியின் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் இப்போது சட்டத்தில் இருக்கிறது.

'இயன்ற அளவு' என்ற சொல் முதலாளிக்குத் தப்பிக்க வழி விடுகிறதா? இல்லை. அதை எடைபோட நான்கு அளவுகோல்களைச் சட்டமே தருகிறது. ஆபத்து எவ்வளவு கடுமையானது? கவிழ்வு பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. அது பற்றிய அறிவு உண்டா? 1959 முதலே உண்டு. அகற்றும் வழி கிடைக்கிறதா? மாஸி பெர்குசன் 135 போன்ற 1960களின் டிராக்டர்களுக்குக்கூடச் சட்டகங்கள் தயாராகின்றன. நான்காவதுதான் செலவு. மற்ற மூன்றும் ஒரே பக்கம் நிற்கும்போது செலவை மட்டும் காட்டி மறுப்பது வலுவான வாதமாகாது.

ஆனால், தன் சொந்த நிலத்தில் தானே ஓட்டும் சிறு விவசாயிக்கு முதலாளி இல்லை. அபராதத்தைக் காட்டி அவரை மாற்ற முடியாது; விக்டோரியாவைப் போல மானியம்தான் உதவும். விபத்துக்குப் பிறகு குடும்பத்துக்கு இழப்பீடு வழங்குவதைவிட, முன்கூட்டியே ஓர் இரும்புச் சட்டகத்துக்கு உதவுவது நாட்டுக்கும் சிக்கனம்.

வெல்டிங் கடையில் செய்யலாமா?

குழாயை வளைத்துப் பற்றவைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. எந்த இரும்பு, எவ்வளவு தடிமன், எந்த போல்ட், பின் அச்சின் உறை அந்த விசையைத் தாங்குமா என்பதெல்லாம் சோதித்து முடிவு செய்ய வேண்டியவை. சோதிக்கப்படாத சட்டகம் விழும் கணத்தில் ஒடிந்தால், ஓட்டுநர் நம்பிய பாதுகாப்பு வெறும் தோற்றமாகிவிடும். சோதித்த சட்டகத்திலும் துளை போடவோ பற்றவைக்கவோ கூடாது. ஒருமுறை கவிழ்ந்து வளைந்ததை நிமிர்த்திப் பயன்படுத்தவும் கூடாது.

கேமரன் மலைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. காய்கறித் தோட்டங்களின் தாழ்வான பிளாஸ்டிக் கூரைகளில் நிமிர்ந்த சட்டகம் இடிக்கும். இதற்கு மடக்கும் வகைச் சட்டகம் இருக்கிறது. கூரைக்குள் மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்த வேண்டும். மடக்கிய நிலையில் அது காக்காது. அப்போது வாரும் அணியக் கூடாது.

பொறியியலும் திவேட் துறைகளும் பயிலும் மாணவர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் பழைய டிராக்டர்களுக்கென்றே மலிவான சட்டக வடிவங்களை உருவாக்கிச் சோதித்துக் காட்டியது. நம் தோட்டங்களில் ஓடும் மாடல்களுக்கு அப்படிச் செய்வது ஓர் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தகுந்த பொருள்.

மற்றவர்களும் ஒன்று செய்யலாம். அப்பாவோ மாமாவோ டிராக்டர் ஓட்டுபவரானால் இன்றிரவே கேளுங்கள்: வண்டியில் சட்டகம் இருக்கிறதா? வார் வேலை செய்கிறதா? இல்லை என்று பதில் வந்தால், அதை நிர்வாகத்திடமோ தொழிற்சங்கத்திடமோ கேட்கச் சொல்லுங்கள். சட்டம் அவர் பக்கம் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள்.