அப்பாவுக்கு எதுக்கு அட்மின் பாஸ்வேர்டு?

போன மாசம் தென்னூர் வீட்டுக்குப் போனா, ஹால்ல தினசரி காலண்டர் அட்டையில உபுண்டு அட்மின் பாஸ்வேர்டு! அப்பா கையெழுத்து. தூக்கிவாரிப் போட்டுச்சு.

வீட்டுப் பத்திரம், பென்ஷன் காகிதமெல்லாம் ஸ்கேன் பண்ணி, பென்டிரைவை வெராகிரிப்ட்ல பூட்டிக் கொடுத்தது நான்தான். அந்த பாஸ்வேர்டு அவருக்கு மனப்பாடம். ஆனா லினக்ஸ்ல மவுண்ட் பண்ண வெராகிரிப்ட் அட்மின் பாஸ்வேர்டும் கேக்கும். 2014-ல நிறுத்தின ட்ரூகிரிப்ட் காலத்துத் தொல்லை இது. ஒவ்வொரு தடவையும் போன் பண்றாரேன்னு சொல்லித் தொலைச்சேன். பீரோவைத் திறக்க வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்த கதை. தப்பு அவர் மேல இல்லை.

சூடோயர்ஸ்ல ஒரு வரி சேர்த்தா கேக்கவே கேக்காதும்பாங்க. அது காலண்டரை விட மோசம் மக்களே! அந்த அக்கவுண்ட்ல நுழையற எவனும் அது வழியா ரூட் ஆயிடலாம்.

அன்னைக்கு ராத்திரியே பென்டிரைவை லக்ஸுக்கு (சோப்பு இல்லைங்க) மாத்திட்டேன். இப்போ செருகினா யூடிஸ்க்ஸ் டிரைவோட பாஸ்வேர்டை மட்டும் கேக்குது. மெஷின் முன்னாடி உக்காந்திருக்கறவர் பென்டிரைவைத் திறந்தா போல்கிட் தடுக்காது. உள்ளே இருக்கற ஹார்டுடிஸ்க்னாதான் அட்மின் வேணும். கோடு அங்கேதான் போடணும்ங்கறது என் கட்சி.

"ஜெராக்ஸ் கடை விண்டோஸ்ல திறக்க மாட்டேங்குதேடா"ன்னு அப்பாவுக்குக் குறை. அங்கே திறக்கவே கூடாதுப்பான்னேன்.