விளையாட்டா, பாடமா?

சகோதரிகளே, இந்த வாரம் வீட்டுக்கு வீடு நடக்கிற ஒரு வழக்கைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். வாதி, தாயார். பிரதிவாதி, பிள்ளை. குற்றச்சாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான்: "எந்நேரமும் வீடியோ கேம்! கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. தட்டில் போட்ட சாதம் ஆறிப் போகிறது. பாட புஸ்தகத்தைத் தொடுவதே இல்லை." பிள்ளையின் பதிலும் தெரிந்ததுதான்: "நான் இதிலிருந்து இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறேன் அம்மா!" இன்னும் ஒரு படி மேலே போய், "ஜப்பான் பாஷை கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள்.

இதைக் கேட்டு எந்தத் தாயார் நம்புவாள்? "நன்றாகத்தான் சாக்குக் கண்டுபிடித்தாய்!" என்று ஆட்டப் பெட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். பூட்டுவதில் தவறில்லை. ஆனால் பூட்டுவதற்கு முன்பு பிள்ளையின் சாட்சிகளையும் விசாரிப்பதுதானே நியாயம்?

முதல் சாட்சி ஸ்வீடன் தேசத்திலிருந்து வருகிறது. அங்கே வீட்டில் பேசுவது ஸ்வீடிஷ் பாஷை. இங்கிலீஷ், நமக்குப் போலவே, பள்ளிக்கூடத்தில் படிக்கிற பாடம். பியா சுண்ட்க்விஸ்ட், லிஸ் கெர்ஸ்டின் சில்வேன் என்று இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், 11, 12 வயதுக் குழந்தைகள் 86 பேரை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வெளியே இங்கிலீஷோடு எவ்வளவு நேரம் பழகுகிறார்கள் என்று குறித்துவரச் சொன்னார்கள். பிறகு இங்கிலீஷில் பரீட்சையும் வைத்தார்கள். 2012-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? வாரத்துக்கு ஐந்து மணிக்கு மேல் ஆடியவர்கள் முதலாவதாக நின்றார்கள். கொஞ்சமாக ஆடியவர்கள் அடுத்தபடி. ஆடாதவர்கள் கடைசியில்!

உடனே பெட்டிப் பூட்டைத் திறந்துவிடாதீர்கள். ஆட்டத்தினால் இங்கிலீஷ் வந்ததா, இங்கிலீஷ் வருகிறதனால் ஆட்டத்தில் இறங்கினார்களா என்பதை இந்தக் கணக்கு ஒன்றைக் கொண்டே தீர்த்துவிட முடியாது. இரண்டும் கலந்திருக்கலாம். ஆனாலும், "ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை" என்று இனி அடித்துச் சொல்வதற்கில்லை.

அப்படி ஆட்டத்தில் என்னதான் இருக்கிறது? ஜப்பான் பாஷையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எழுத்தைப் பார்த்ததும் மலைத்துப் போகும் பாஷை அது. இரண்டு வகை அசை எழுத்துக்கள், வகைக்கு 46. அவை போதாதென்று, சீனாவிலிருந்து வந்த 'கான்ஜி' என்னும் சித்திர எழுத்துக்கள் வேறு; பொது உபயோகத்துக்கென்று அந்தத் தேசத்து அரசாங்கம் 2010-ல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன.

ஆனால் குழந்தைகளுக்கென்று செய்த ஆட்டத்தில் இந்த மலை கொஞ்சம் சின்னதாகிவிடுகிறது. 'போக்கிமான்' என்ற பெயரை உங்கள் வீட்டுச் சின்னது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஜப்பானில் 1996-ல் அந்த ஆட்டம் முதன்முதலாக வந்தபோது, அதில் கான்ஜி எழுத்துக்கள் அநேகமாகக் கிடையாது. ஏறக்குறைய எல்லாம் அசை எழுத்துக்கள்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், ஆட ஆரம்பித்துவிடலாம். பிற்பாடு 2010-ல் வந்த ஆட்டங்களில், கான்ஜி வேண்டுமா வேண்டாமா என்று ஆடுகிறவரே தேர்ந்துகொள்ளும்படி செய்தார்கள். 2016-ல் வந்த 'சன்', 'மூன்' ஆட்டங்களிலோ, ஆரம்பிக்கும்போதே எந்தப் பாஷை என்று கேட்கிறது. ஒன்பது வகைகள் இருக்கின்றன.

இந்த ஆட்டத்தில் காட்டுப் பிராணி ஏதாவது எதிரே வந்துவிட்டால், திரையில் நாலு வார்த்தைகள் தோன்றும். அதில் ஒன்று 'டோகு'. சாமான் என்று அர்த்தம். இன்னொன்று 'நிகெரு'. தப்பி ஓடு என்று அர்த்தம். பிள்ளை 'நிகெரு'வை அமுக்குகிறான். அவனுடைய ஆள் ஓடித் தப்புகிறான். பத்து நிமிஷத்துக்குள் மறுபடி அதே ஆபத்து, மறுபடி அதே வார்த்தை. ஆட்டம் முடிவதற்குள் எத்தனை நூறு தடவை அந்த வார்த்தை கண்ணில் பட்டிருக்கும், நினைத்துப் பாருங்கள்! உபாத்தியாயர் பத்துத் தடவை எழுதச் சொன்னால் ஐந்தாவது தடவையிலேயே பிள்ளைக்குக் கை வலிக்கிறது. இங்கே கை வலிப்பதில்லை. காரணம், வார்த்தை தெரியாவிட்டால் காரியம் நடக்காது. தேவைதான் இங்கே உபாத்தியாயர்.

நமக்கு இது புதிதா என்ன? வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போன குடும்பத்தில், அந்த ஊர்ப் பாஷை முதலில் யாருக்கு வருகிறது? காய்கறிக்காரியோடு பேரம் பேசும் குடும்பத் தலைவிக்குத்தான். இலக்கணம் படித்தா வந்தது? அரைக் கிலோ கத்தரிக்காய் வேண்டியிருந்தது. பாஷையும் கூடவே வந்தது.

பேரத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆளும் இப்போது ஆட்டத்திலேயே கிடைக்கிறார். 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆட்டத்தில், பல தேசத்தார் ஒரே சமயத்தில் கூடி ஆடுகிறார்கள். அதில் ஓர் அமெரிக்க மாணவனும், உக்ரைன் தேசத்து ஆள் ஒருவரும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டார்கள். அமெரிக்கப் பையன், தனக்குத் தெரிந்த உக்ரைன் சிநேகிதனிடம் அவசரமாகக் கேட்டு, ரஷ்ய வார்த்தைகள் சிலவற்றை எழுதினான். எதிராளிக்கு ஒரே சந்தோஷம். அவர் இவனுக்கு ரஷ்ய பாஷையில் உதவி செய்ய, இவன் அவருக்கு இங்கிலீஷில் உதவி செய்ய, இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே பேசிச் சிநேகிதர்களாகிவிட்டார்கள். அந்தப் பேச்சை ஸ்டீவன் தோர்ன் என்ற அமெரிக்க அறிஞர் 2008-ல் தம்முடைய ஆராய்ச்சியில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். வகுப்பில் ஒருவர் சொல்லிக்கொடுப்பார், மற்றவர் கேட்டுக்கொள்வார். இங்கே ஒரு நிமிஷம் இவர் குரு. அடுத்த நிமிஷம் அவர் குரு.

ஆட்டம் ஓய்ந்த பிறகும் இந்தச் சிநேகிதம் ஓய்வதில்லை. ஒரே ஆட்டத்தில் பிரியம் உள்ளவர்கள், இன்டர்நெட்டில் கூட்டமாகக் கூடி வம்பளக்கிறார்கள். வம்போடு வேலையும் செய்கிறார்கள். 2006-ல் ஜப்பானில் 'மதர் 3' என்று ஓர் ஆட்டம் வந்தது. தாயை இழந்த ஒரு குடும்பத்தின் கதை அது; எழுதியவர் ஷிகேசாடோ இடோய். அதை இங்கிலீஷில் வெளியிட அந்தக் கம்பெனி முன்வரவில்லை. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கிளைட் மாண்டெலின் என்ற மொழிபெயர்ப்பாளரோடு சேர்ந்து, காலணா கூலி வாங்காமல், தாங்களே முழுவதையும் மொழிபெயர்த்து 2008-ல் வெளியிட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஜிம் பிரீன் என்பவர் 1991-ல் தொடங்கிய ஜப்பான்-இங்கிலீஷ் அகராதியும் இப்படி இலவசமாகக் கிடைப்பதுதான். பலர் கைகொடுத்து வளர்த்த அந்த அகராதிதான், இன்று மாணவர்கள் செல்போனில் புரட்டுகிற அகராதிகள் பலவற்றுக்குள் இருக்கிறது.

இத்தனையும் பிள்ளையின் கட்சி. இனித் தாயாரின் கட்சிக்கு வருவோம். அதிலும் நியாயம் நிறைய இருக்கிறது.

ஜப்பானில் ஜொனாதன் டெஹான் என்பவரும் கூட்டாளிகளும் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் 80 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் 20 நிமிஷம் இங்கிலீஷ் பாட்டு ஆட்டம் ஒன்றை ஆட வேண்டும். மற்றவர் பக்கத்துத் திரையில் அதே ஆட்டத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு, வந்த வார்த்தைகளில் எவை ஞாபகம் இருக்கின்றன என்று கேட்டார்கள். யாருக்கு அதிகம் ஞாபகம் இருந்தது? ஆடியவர்களுக்கு அல்ல, பார்த்தவர்களுக்கு! ஆடுகிறவருக்குக் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்ற கவலையில் வார்த்தை தவறிப் போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டபோது, இரு சாராருமே நிறைய மறந்திருந்தார்கள்.

ஆகவே, வேகமாகச் சுட்டுத் தள்ளுகிற ஆட்டத்தை ஆடிவிட்டு, "பாஷை கற்றுக்கொள்கிறேன்" என்று பிள்ளை சொன்னால், அதைத் தயங்காமல் தள்ளுபடி செய்யலாம். நிதானமாகப் படிக்க நேரம் தருகிற ஆட்டம்தான் பாஷைக்கு உகந்தது. 2020-ல் வந்த 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்' அப்படிப்பட்டது. ஒரு தீவில் வீடு கட்டிக்கொண்டு, மீன் பிடித்து, கடைக்குப் போய், அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். தினசரி வாழ்க்கைக்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அதில் வந்துவிடும்.

இன்னொரு சங்கடம், மரியாதை. ஜப்பான் பாஷையில் 'நான்' என்பதற்கே பல வார்த்தைகள். 'வாதாஷி' என்றால் பதவிசு. 'ஓரே' என்றால் முரட்டு ஆண்பிள்ளைப் பேச்சு. ஆட்டத்தில் வரும் வீரர்கள் 'ஓரே, ஓரே' என்றுதான் மார்தட்டுவார்கள். எதிரியை 'கிசாமா' என்பார்கள்; நம்முடைய 'அடேய்' அதற்கு முன்னால் சாது! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஜப்பானியக் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகப் பேட்டிக்குப் போய், பையன் இந்தப் பாஷையில் பேசினால் என்ன ஆகும்? வந்த வழியே 'நிகெரு'தான்!

அதனால் வகுப்பும் வேண்டும், வாத்தியாரும் வேண்டும். ஜப்பான் பாஷைக்கு ஜே.எல்.பி.டி. என்று ஒரு பரீட்சை, ஐந்து படிகளாக, சென்னையிலும் நடக்கிறது. அதற்குப் படித்தால் இலக்கணம் ஒழுங்காக வரும். ஆனால் அந்தப் பரீட்சையில் வாயைத் திறந்து பேசச் சொல்வதே இல்லை! பரீட்சை விட்ட குறையை ஆட்டத்துச் சிநேகிதர்கள் தீர்க்கலாம். ஆட்டம் விட்ட குறையை வகுப்பு தீர்க்கலாம்.

சிநேகிதர்கள் என்றதும் உங்களுக்கு ஒரு பயம் வரும். வர வேண்டியதுதான். முகம் தெரியாதவர்களோடு பேச்சு. எனவே சில கட்டுப்பாடுகள்: சொந்தப் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், வீட்டு விலாசம், போட்டோ எதையும் கொடுக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு ஆடக் கூடாது. கூடத்தில்தான் ஆட வேண்டும். பணம் கேட்டால், உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். 'டிஸ்கார்டு' போன்ற அரட்டைக் கூடங்களில் 13 வயது ஆகாதவர்களுக்கு இடமில்லை என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். "என் சிநேகிதன் வயதைக் கூட்டிப் போட்டுச் சேர்ந்துவிட்டான்" என்று பிள்ளை சொன்னால், நீங்கள் அசைந்து கொடுக்கக் கூடாது.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க மனமில்லை. அந்த ஸ்வீடன் ஆராய்ச்சியில் அதிகம் ஆடியவர்கள் பெரும்பாலும் பையன்கள். நம் வீடுகளில் மட்டும் வேறாகவா இருக்கிறது? அண்ணன் ஆடுவான், தங்கை பக்கத்தில் நின்று பார்ப்பாள், அதுவும் அடுக்களையிலிருந்து கூப்பிடும்வரை. பார்ப்பதிலும் லாபம் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் எதிரே இருப்பவரோடு பேச வேண்டிய நிர்ப்பந்தம் ஆடுகிறவருக்குத்தானே வருகிறது? வார்த்தை பார்த்தவளுக்கு, பேச்சு ஆடினவனுக்கு என்று பங்கு பிரிக்க வேண்டாம். அரை மணி அவன் ஆடட்டும், அரை மணி அவள் ஆடட்டும். இருவருக்கும் இரண்டு பங்கும் கிடைக்கும்.

மறதிக்கும் மருந்து இருக்கிறது. மளிகைக் கணக்கு எழுதுவதுபோல் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். தினம் பத்து வார்த்தை போதும். மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை ஒப்பிக்கச் சொல்லுங்கள். நம் பாட்டிகள் வாய்ப்பாட்டுக்குச் செய்த உபாயம்தான் இது. இதையே செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் செய்து தரும் 'அங்கி' என்ற சாதனம் 2006-லிருந்து இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஜப்பான் பாஷையில் மனப்பாடம் என்றே அர்த்தம்.

சரி, வழக்கின் தீர்ப்பு என்ன? தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். நான் ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். இன்று சாயங்காலம் பிள்ளை ஆட உட்காரும்போது, நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். திரையில் வருகிற ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இதற்கு என்னடா அர்த்தம்?" என்று கேளுங்கள். பட்டென்று தமிழில் சொன்னான் என்றால், அவன் படிக்கிறான். இன்னும் ஒரு கால் மணி கூடக் கொடுக்கலாம். "அதெல்லாம் தெரியாது அம்மா, அமுக்கினால் போகும்" என்றால், பெட்டி அலமாரிக்குப் போகட்டும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பார்க்கிறவர்களுக்குத்தான் வார்த்தை அதிகம் ஒட்டும் என்று சொன்னேன் அல்லவா? பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்தீர்களானால், பிள்ளைக்கு முன்னால் உங்களுக்கே ஜப்பான் பாஷை வந்துவிடலாம். வந்தால் வரட்டுமே! நம்மைப்போல் அவர்களும் வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். 'நான் தண்ணீர் குடிக்கிறேன்' என்ற வரிசை அப்படியே அங்கேயும் செல்லும். பாதி வேலை நமக்குப் பிறக்கும்போதே முடிந்துவிட்டது.