துவக்குக்கு அடங்காத ஆனை

மட்டக்களப்பின் கரடியனாற்றிலோ உன்னிச்சையிலோ புல்லுமலையிலோ, யானைத் தொல்லையைப் பற்றி எங்கே கூட்டம் கூடினாலும் கடைசியில் ஒரு குரல் ஓங்கி எழும்: "துவக்கத் தாங்க, ஆனைய நாங்க பாத்துக்கிறம்." கைதட்டல் அதற்குத்தான் அதிகம். மேடையில் இருக்கும் அரசியல்வாதிக்கும் அது பிடிக்கும்; தலையாட்டுவதற்கு அதைவிட எளிதான கோரிக்கை அவருக்குக் கிடைக்காது. செங்கலடியிலிருந்து மகாஓயா வரை பதுளை வீதியின் இரு மருங்கிலும் இது இன்று யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கையாகிவிட்டது. கமக்காரன் கையில் நல்ல துவக்கு இருந்தால் யானை அடங்கும் என்கிறார்கள்.

அடங்காது. இதைச் சொல்வதால் எனக்கு வயல்காரர் மீது அக்கறை இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். நகையை அடகு வைத்து உரமும் விதைநெல்லும் வாங்கியவன், குடலைப் பருவத்தில் நின்ற இரண்டு ஏக்கரும் ஒரே இரவில் மிதிபட்டுக் கிடப்பதை விடியப் பார்க்கும்போது அவனுக்கு வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குத் தவறான மருந்தைக் காட்டுகிறவர்கள்மீதுதான் என் சண்டை.

முதலில் அந்த இரவைப் பார்ப்போம். தை மாதம். கதிர் பால் பிடித்திருக்கிறது. பரணில் இரண்டு பேர். ஒருவர் கையில் டோர்ச், மற்றவர் மடியில் யானை வெடி. வாய்க்காலுக்கு அப்பால் நெல் உரசும் ஓசை கேட்கிறது. அடியோடு பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறும் சத்தமும் கேட்கிறது. உருவம் தெரியாது. டோர்ச்சை அடித்தால் நாற்பது யார் தூரத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு தெரியும். அதில் தலை எது, பின்புறம் எது என்பது அசைந்தால்தான் விளங்கும். இவர்களிடம் துவக்கைக் கொடுத்தாலும், பயிர்க் காவலுக்கு இந்நாட்டில் உரிமத்தோடு கிடைப்பது 12 போர் (12-bore) துவக்கு. அதில் குறி பார்ப்பதற்குக் குழல் நுனியில் ஒரு சின்ன மணி மட்டுமே உண்டு. இருட்டில் அந்த மணி சுடுகிறவன் கண்ணுக்கே தெரியாது. ஒரு கை துவக்கிலும் ஒரு கை டோர்ச்சிலும் இருக்க, நெஞ்சு படபடக்க அவன் சுடுவது குத்துமதிப்பில்.

அந்தத் தோட்டாவில் பெரிய ஈய உருண்டைகள் எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒவ்வொன்றும் நான்கு கிராமுக்கும் குறைவு. நாற்பது யாரில் அவை அகலச் சிதறிவிடும். யானையின் தோல் சில இடங்களில் ஓர் அங்குலத் தடிப்பு. நெற்றிக்கும் மூளைக்கும் இடையே காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பு. இந்த உருண்டைகள் தோலைத் தாண்டித் தசையில் தங்கும். யானை சாகாது, அன்றிரவு ஓடும். புண் சீழ்வைக்கும், புழு வைக்கும். வலியோடு அது காட்டோரம் நிற்கும். பகலிலும் மனிதவாடை பட்டால் சீறும். காலையில் விறகுக்குப் போன பெண்ணும், மாடு சாய்க்கப் போன கிழவரும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் எதிர்ப்படுவது அந்த யானைக்குத்தான். சுட்டவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

"அது சின்னத் துவக்கு, பெரிய ரைபிள் வேண்டும்" என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இவர்களில் பலர் வயலில் காவல் கிடந்தவர்கள் அல்லர். கைப்பேசியில் அமெரிக்க வேட்டைக் காணொளிகளைப் பார்த்தவர்கள், வேட்டைக் கதைகளைப் படித்தவர்கள். விசைக்குக் கீழுள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே பாய்ந்து அடுத்த தோட்டா ஏறும் வின்செஸ்டர் ரைபிள். தொலைநோக்கி கிடையாது, பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு மணி. ஒரு மனிதன், ஒரு விலங்கு, ஒரு சூடு. இந்தப் படம் அவர்கள் மனத்தில் அழியாமல் பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த பெங்களூர் கென்னத் அண்டர்சன் அப்படிப்பட்ட ஒரு ரைபிளைத்தான் வைத்திருந்தார்: வின்செஸ்டரின் 1895ஆம் ஆண்டு வடிவம், வாய் 0.405 அங்குலம். 1954இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் சேலம் பக்கத்துப் பனப்பட்டியின் கொலையானையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ஆனால் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆபிரிக்காவுக்குப் போனபோது என்ன செய்தார்? அதே 0.405 வின்செஸ்டரைச் சிங்கத்துக்கு உகந்ததென்று மெச்சிய அவரே யானைக்கு அதை நம்பவில்லை. அதற்கென்று இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் பெரும் ரைபிளைத் தூக்கினார். துப்பாக்கியின் நுணுக்கம் அறிந்தவர்களுக்கே இருந்த அந்தத் தயக்கம் நம் ஊர் விசிறிகளுக்கு இல்லை.

வேட்டைக்காரர்களின் நூல்களை நம்பிப் பேசுகிறவர்கள் அவற்றை முழுதாகப் படிக்க வேண்டும். ஜிம் கோர்பெட் 1907இல் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் குமாவோனிலும் 436 பேரைக் கொன்றது என்று எழுதினார். அது ஏன் மனிதரைத் தின்னத் தொடங்கியது? அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. உடைத்தது பழைய துப்பாக்கிச் சூடு. வழக்கமான இரையை அதனால் கொல்ல முடியவில்லை. எவனோ ஒருவன் குறி தவறிச் சுட்டுவிட்டு வீடு போனான். அந்தச் சூட்டுக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் விலை கொடுத்தன. நாம் நினைவில் வைத்திருப்பதோ கடைசியாகச் சுட்டவரின் பெயரை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இன்று துவக்குக் கேட்பவர்கள் தங்களைக் கோர்பெட்டாக நினைத்துக்கொள்கிறார்கள். இருட்டில், டோர்ச் வெளிச்சத்தில், பரணிலிருந்து சுடுகிறவன் அந்தப் பல்லை உடைத்தவனின் இடத்தில் நிற்கிறான்.

யானையைத் துவக்கால் அடக்கும் சோதனையை இலங்கையே ஒருமுறை முழுதாகச் செய்து பார்த்த நாடு. கரடியனாற்றை ஊடறுத்துப் போகும் வீதி எட்டும் பதுளையில், 1840களில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அவர் சுட்ட யானைகள் 1,300க்கும் மேல் என்கிறார்கள்; 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவருக்குப் பின் வந்த சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறி, கிழக்குச் சமவெளிகளிலும் வேட்டையாடி, 1854இல் அதைப் புத்தகமாக்கினார். அவருடைய பெரிய துவக்கு எறிந்த ஈயக்குண்டு நான்கு அவுன்சு, அதாவது நூறு கிராமுக்கும் மேல். பட்டப்பகலில், சில பாகத் தூரம் நெருங்கிப் போய், நிறைத்த துவக்குகளோடு ஆட்கள் பின்னால் நிற்கச் சுட்டார். அப்படியும் தவறியது, அப்படியும் காயம்பட்ட யானைகள் திரும்பி விரட்டின. அரசாங்கம் தலைக்கு வெகுமதி வைத்தபோது, வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500க்கும் மேற்பட்ட யானைகளுக்கும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்கும் பணம் கொடுக்கப்பட்டதாக, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் கணக்குத் தருகிறார்.

மலைநாட்டில் யானை அற்றுப்போனதே, அது துவக்கின் வெற்றிதானே என்று கேட்கலாம். மலையில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. யானை ஒதுங்க இடமில்லாமல் போனது. எஞ்சியதைத் துவக்கு முடித்தது. அதே வழியைச் சமவெளியில் கொண்டுசெல்ல வேண்டுமானால் உறுகாமம், உன்னிச்சைக் குளங்களுக்கு நீர் சேர்க்கும் காட்டை முழுதாக வெட்ட வேண்டும். பிறகு குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? யானை இல்லாத வட்டையில் எதை விதைப்பது? துவக்குக் கேட்பவர்கள் யாரும் இவ்வளவு தூரம் யோசித்துக் கேட்பதாகத் தெரியவில்லை.

இன்றைய கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2011இல் நாடு முழுவதும் எண்ணியபோது யானைகள் 5,879. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு இருநூறு, இருநூற்றைம்பது யானைகள் செத்தன. யானையால் இறந்த மனிதர் அறுபது, எண்பது என்று இருந்தனர். 2019இல் செத்த யானைகள் 400ஐத் தாண்டின. மனித உயிர்கள் 120ஐத் தாண்டின. 2023இல் யானைகள் 470ஐயும் கடந்தன, மனிதர்கள் 160ஐயும் கடந்தனர். துவக்குச் சூடு அந்த யானைச் சாவுகளின் முதன்மையான காரணங்களில் ஒன்று. யானையைக் கொன்றால் மனிதன் தப்புவான் என்பது உண்மையானால், முதற்கணக்கு ஏற ஏற இரண்டாவது இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. "எங்களுக்குத் துவக்கு இல்லை, அதனால்தான் இந்த நிலை" என்ற வாதம் இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது. துவக்கு ஏற்கனவே ஊருக்குள் இருக்கிறது, உரிமத்தோடும் உரிமம் இல்லாமலும்.

உரிமம் இல்லாததைப் பற்றி நாம் வாய் திறப்பதே இல்லை. சேனையோரம் பன்றிக்கென்று கட்டும் கட்டுத்துவக்கு யானையின் காலைத் துளைக்கிறது. கால் வீங்கிய யானையால் நடக்க முடியாது. குளக்கட்டோரம் மாதக்கணக்கில் நின்று மெலிந்து சாகும். அந்தத் துவக்கின் விசையோடு கட்டிய கம்பியில் மனிதனும் கால் இடறியிருக்கிறான். பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைக்கும் ஹக்கபட்டாஸ் குட்டி யானையின் வாயைச் சிதைக்கிறது. நாக்கும் தாடையும் போன குட்டி பசியில் சாக நாட்கணக்காகும். அந்த மருந்தை வீட்டுக் கூரைக்குள் சொருகி வைத்திருக்கிறார்கள். வெடிமருந்து ஊர் நடுவே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2010 செப்டம்பர் 17ஆம் திகதி கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் நாம் பார்த்தோம். வீதி வேலைக்கென்று கொண்டுவந்து வைத்த வெடிபொருள் ஒரு பகற்பொழுதில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது இந்த ஊருக்கு மறக்கக்கூடிய விடயமல்ல.

நமக்கு யானையோடு வேறொரு பழக்கமும் இருந்தது. பக்கத்து ஏறாவூரின் முஸ்லிம் பணிக்கர்கள் யானை பிடிப்பதில் இந்தியா வரை பெயர் எடுத்தவர்கள். தோல்வாரைத் திரித்த கயிற்றோடு இரண்டொருவராகக் காட்டுக்குள் புகுந்து, காற்று வீசும் திசை பார்த்து, பின்னங்காலில் சுருக்குப் போட்டார்கள். அவர்கள் செய்ததும் யானைக்கு அடிமைத்தளைதான். அதைப் போற்றிப் பாட நான் வரவில்லை. யானை எப்போது எங்கே நிற்கும், எந்தச் சத்தத்துக்கு எப்படித் திரும்பும் என்பதெல்லாம் இந்த மண்ணில் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். இன்று அந்த அறிவை ஒதுக்கிவிட்டு இரும்புக்குழலை மட்டும் கேட்கிறோம்.

யானை ஏன் இங்கே நிற்கிறது என்பதும் மறைபொருள் அல்ல. போர்க்காலத்தில் இந்த ஊர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. வயல் பற்றைக்காடானது. 2007இல் குடும்பிமலை அரச படைகளிடம் விழுந்த பிறகு சனம் திரும்பி வந்து பற்றை வெட்டியபோது, அதற்குள் பிறந்து வளர்ந்த யானைகள் இருந்தன. அவற்றுக்கு அதுதான் வீடு. நாட்டில் யானை நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் மனிதர் குடியிருக்கும் நிலம் என்று பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. "பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விடுங்கள்" என்ற அடுத்த கோரிக்கைக்கும் அவர்களிடம் பதில் உண்டு: இடம்மாற்றிய பன்னிரண்டு ஆண் யானைகளைக் கழுத்துப்பட்டியோடு பின்தொடர்ந்தபோது சில பழைய இடத்துக்கே திரும்பின, சில புதிய ஊர்களுக்குள் அலைந்தன, தொல்லை குறையவில்லை, பரவியது.

அதே ஆய்வாளர்கள் குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவையில் செய்துகாட்டியதை இங்கே எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. நாட்டில் 4,000 கிலோமீற்றருக்கும் மேல் யானை வேலி இருக்கிறது. அதில் பெரும்பங்கு காட்டுக்குள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் ஓடுகிறது. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. கல்கமுவையில் வேலியை வயலைச் சுற்றிப் போட்டார்கள். விதைக்கும்போது கட்டுவது, அறுவடை முடிந்ததும் கழற்றுவது. கழற்றிய பிறகு யானை வந்து ஒட்டுப்பயிர் மேயலாம். கம்பியைப் பராமரிப்பது வயல்காரரின் கமக்காரர் அமைப்பே. புல் தொட்டால் மின்சாரம் கசியும் என்பது தெரிந்து தினமும் நடந்து பார்ப்பவர்களும் அவர்களே. தன் பயிருக்காகத் தானே காக்கும் வேலி என்பதால் அது நிற்கிறது. 2020 டிசம்பரில் அரசிடம் கையளிக்கப்பட்ட தேசிய செயற்திட்டமும் இதையே முன்வைத்தது. அது முழுதாக நடைமுறைக்கு வராமல் கிடப்பதற்குக் கோபப்படுவோம். துவக்குக் கேட்கும் ஒவ்வொரு கூட்டமும் அந்தக் கோபத்திலிருந்து அதிகாரிகளைத் தப்பவிடுகிறது. நாலு துவக்கைக் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக் கோப்பை மூடிவிடலாம், வேலிக்கான நிதியைக் கேட்பாரில்லை. பயிர்க் காப்புறுதியில் யானைச் சேதமும் அடங்கும் என்பது எத்தனை வயல்காரருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைக்கும் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் திகதி எல்லாம் தீர்மானிக்கிறோம். மீறினால் தண்டமும் உண்டு. யானை வேலி கட்டும் திகதியும் கழற்றும் திகதியும் அதே குறிப்பேட்டில் ஏற வேண்டும். கம்பி, கட்டை, மின்னேற்றும் பெட்டி, மின்கலம் ஆகியவற்றை எந்தத் திணைக்களம் எந்த நாளுக்குள் தருகிறது என்பதும், எந்தக் கண்டத்துக்கு யார் காவல் என்பதும் எழுதப்பட வேண்டும். அரசாங்க அதிபரும் பிரதேச செயலாளரும் கமநல சேவைகள் அதிகாரியும் ஒரே மேசையில் இருக்கும் நாள் அது. பதில் சொல்லாமல் அவர்கள் எழுந்துபோக முடியாத நாளும் அதுவே.