அவரைப் பேச விடுங்க

1/ பார்க்கின்சன்ஸ் இருக்கிற அப்பாவைக் கூட்டிட்டு ஓ.பி.க்கு வர்றீங்க. "எப்படி இருக்கீங்க ஐயா?"ன்னு அவரைக் கேக்குறேன். பதில் உங்ககிட்ட இருந்து வருது.

2/ இந்த நோயில் குரல் இறங்கும். இறங்கினது பல பேருக்குத் தெரியவே தெரியாது. "உனக்குத்தான் காது கேக்கல"ன்னு உங்களைத் திட்டுவார். நடுக்கத்துக்குக் கேக்குற அளவுக்கு மாத்திரை குரலுக்குக் கேக்காது.

3/ இதுக்கு ஸ்பீச் தெரபி இருக்கு. எல்.எஸ்.வி.டி. லவுட்: வாரம் 4 நாள், 4 வாரம், தினம் ஒரு மணி நேரம். 2024ல் பி.எம்.ஜே. இதழில் வந்த பிரிட்டன் ஆய்விலும் பலன் தெரிந்தது. ஆனா நாங்க (நானும்தான்) மாத்திரை டோஸை மாத்தி அனுப்பிடறோம்.

4/ "வாரம் 4 நாள் யார் கூட்டிட்டு வர்றது?" நியாயமான கேள்வி. வர வேண்டாம். பேரனோட பேசுற அதே வீடியோ கால்ல செய்யலாம். குரல் சத்தத்தை அளப்பதில் நேரில் இருக்கிற துல்லியம் வராது, சரி. ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

5/ நீங்களும் பக்கத்துல உட்காரணும். பாதிப் பயிற்சி உங்களுக்குத்தான். டிவியை அணைங்க. முகம் பார்த்துக் கேளுங்க. 10 விநாடி பொறுங்க. அவர் ஆரம்பிச்ச வாக்கியத்தை நீங்க முடிக்காதீங்க.

6/ சீட்டுல ஸ்பீச் தெரபின்னு டாக்டர் எழுதலையா? கேட்டு எழுதி வாங்குங்க.